அணி மறுகட்டமைப்பு (வளைதடிப் பந்தாட்டம்)

அணி மறுகட்டமைப்பு என்பது தொழில்முறை வளைதடிப் பந்தாட்ட (ஹாக்கி) அணியொன்றின் நிருவாகம், தன் வீரர் தொகுதியைத் திட்டமிட்டுக் கலைத்துப் புதிதாக அமைத்துக்கொள்ளும் செயற்பாடு ஆகும். மூத்த வீரர்களை விடுவித்தல், இளம் வீரர்களைச் சேர்த்தல், கையிருப்புத் தொகையை இடத்துக்கு இடம் பங்கிடுதல், பயிற்சியாளரை மாற்றுதல் ஆகியன இதில் அடங்கும். இச்சொல் வட அமெரிக்காவின் பனி ஹாக்கியில் பெரிதும் வழங்குவது. இந்தியாவில் ஏல முறை லீக்குகள் தோன்றிய பின்னர் புல்தரை ஹாக்கிக்கும் இது பொருந்தலாயிற்று. எனினும் இரண்டிடத்தும் நிலைமை ஒன்றன்று.

வட அமெரிக்க முறை

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் 1963 முதல் இளையோர் தேர்வு முறை உள்ளது. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்குப் புதிய வீரர்களைத் தெரிவு செய்வதில் முன்னுரிமை கிடைக்கும். 2005இல் சம்பள உச்சவரம்பும் வந்ததால், பணம் மிகுந்த அணி நட்சத்திர வீரர்கள் அனைவரையும் வளைத்துப்போட இயலாது. எனவே சில ஆண்டுகள் தோற்பதைப் பொறுத்துக்கொண்டு, அத்தோல்விகளால் கிடைக்கும் முன்னுரிமையைப் பயன்படுத்தி அணியை எழுப்புவது அங்கு ஏற்கப்பட்ட வழி. சிகாகோ பிளாக்ஹாக்ஸ் 2006இல் மூன்றாம் தெரிவாக ஜோனதன் டேவ்ஸையும் 2007இல் முதல் தெரிவாக பேட்ரிக் கேனையும் பெற்று, 2010, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் இசுடான்லி கோப்பையை வென்றது. இதனைக் கண்டு தோல்வியே வெற்றிக்கு வழி என முடிவு செய்துவிட இயலாது. பஃபலோ சேபர்ஸ் அணிக்கும் உயர்ந்த தெரிவுகள் பல கிடைத்தன. ஆயினும் அவ்வணி 2012 முதல் 2025 வரை தொடர்ந்து 14 பருவங்கள் இறுதிக்கட்டச் சுற்றுகளை எட்டவில்லை.

இந்திய ஏல முறை

ஹாக்கி இந்தியா லீக் 2013 முதல் 2017 வரை ஐந்து பருவங்கள் நடைபெற்று நின்றுபோனது. ஏழாண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் தொடங்கப்பட்டபோது, 2024 அக்டோபரில் புதுதில்லியில் வீரர்கள் ஏலம் விடப்பட்டனர். ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணிக்கும் செலவு வரம்பு 4 கோடி ரூபாய். அதற்குள் 24 வீரர்களை வாங்க வேண்டும்; அவர்களுள் குறைந்தது 16 பேர் இந்தியர், அந்த 16 பேரில் நால்வர் இளையோர், எஞ்சிய எட்டு இடங்கள் வெளிநாட்டவருக்கு. அடிப்படை விலை 10, 5, 2 இலட்சம் என மூன்று படிகளில் அமைந்தது.

இங்கு தோற்ற அணிக்குச் சலுகை ஏதும் இல்லை. ஆகவே ஓரிரு நாள் ஏலத்துக்குள் முழு அணியையும் கட்டியாக வேண்டும். சராசரியாக ஒரு வீரருக்குக் கிடைப்பது சுமார் 16.7 இலட்சம். சூர்மா அணி ஹர்மன்பிரீத் சிங்கை 78 இலட்சத்துக்கு வாங்கியது. அதாவது வரம்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒருவருக்கே சென்றது. ஹாக்கியில் வீரர்களை எத்தனை முறையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் களத்திலுள்ள பதினொருவர் மட்டும் சிறந்து விளங்கினால் போதாது. எனவே ஒருவருக்கு மிகுதியாகக் கொடுத்த தொகையின் விளைவு மாற்று வீரர்களின் தரத்திலேயே முதலில் தெரியும்.

தமிழ்நாடு டிராகன்ஸ்

சார்லஸ் குழுமத்துக்கு உரிய தமிழ்நாடு டிராகன்ஸ் அணி, நெதர்லாந்தின் ஜிப் ஜான்சனுக்கு 54 இலட்சமும், அமித் ரோகிதாசுக்கு 48 இலட்சமும், அயர்லாந்துக் கோல் காப்பாளர் டேவிட் ஹார்ட்டுக்கு 32 இலட்சமும் செலவிட்டது. மொத்தம் 1 கோடியே 34 இலட்சம். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதி. எஞ்சிய 21 பேருக்குச் சராசரியாக 12.7 இலட்சமே மிஞ்சியது.

இம்மூவரையும் இணைப்பது பெனால்டி கார்னர் என்பது கவனிக்கத்தக்கது. ஜான்சன் பந்தைக் கோலில் செலுத்தும் டிராக் ஃபிளிக் வல்லுநர். ரோகிதாசு எதிரணி அடிக்கும்போது கோல் கோட்டிலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து பந்தின் குறுக்கே விழுபவர். அவரைத் தாண்டும் பந்தைத் தடுக்க வேண்டியவர் ஹார்ட். அதாவது ஆட்டத்தின் ஒரே கட்டத்தை இருபுறமும் விலை கொடுத்து உறுதிப்படுத்திக்கொண்டதாகக் கொள்ளலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த ரெய்ன் வான் ஐக் பயிற்சியாளராகவும் ரோகிதாசு தலைவராகவும் இருந்த இவ்வணி, முதல் பருவத்தில் அரையிறுதியில் இராட் பெங்கால் டைகர்சிடமும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சூர்மாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றது. 2025 பெப்ரவரி 1 அன்று நடந்த இறுதியாட்டத்தில் இராட் பெங்கால் டைகர்ஸ் 4-3 என வென்றது. அதில் மூன்று கோல்கள் அடித்த ஜுக்ராஜ் சிங்கும் டிராக் ஃபிளிக் ஆட்டக்காரரே. டிராகன்சின் கணக்கு பிழையானதன்று. அதே கணக்கைப் பிறரும் போட்டிருந்தனர்.

நிலையாமை

நீண்ட காலத் திட்டத்துக்கு லீக் நிலைத்திருக்க வேண்டும். பிரீமியர் ஹாக்கி லீக் 2005 முதல் 2008 வரையே நடந்தது. அதில் சென்னை வீரன்ஸ் ஆடியது. 2012இல் சென்னை சீத்தாஸ் ஆடிய உலகத் தொடர் ஹாக்கி ஒரே பருவத்தோடு முடிந்தது. இரண்டு அணிகளும் லீக்கோடு மறைந்தன. மூன்றாம் ஆண்டில் பயன் தரும் ஓர் இளைஞனை இன்று வாங்கும் துணிவு இச்சூழலில் எந்த நிருவாகத்துக்கும் எளிதில் வராது. புதிய ஹாக்கி இந்தியா லீக்கிலும், ஹர்திக் சிங்கை 70 இலட்சத்துக்கு வாங்கிய யூ.பி. ருத்ராஸ் இரண்டாம் பருவத்துக்கு முன்பே விலகியது. அதன் இடத்தில் லீக்கின் ஆட்சிக்குழுவே ஓர் அணியை இறக்க நேர்ந்தது.

தேசிய அணியின் எடுத்துக்காட்டு

இந்தியாவில் பொறுமையுடன் நடந்த மறுகட்டமைப்பு என்று சொல்லத்தக்கது தேசிய ஆண்கள் அணியுடையது. அதிலும் குழப்பங்கள் குறைவில்லை. 2008 மார்ச்சில் சிலியின் சான்டியாகோ நகரில் பிரித்தானியாவிடம் 0-2 எனத் தோற்ற இந்தியா, 1928க்குப் பின் முதன்முறையாக ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. 2012 இலண்டனில் எல்லா ஆட்டங்களிலும் தோற்றுக் கடைசியாகிய 12ஆம் இடம் பெற்றது. அதன்பின் டெர்ரி வால்ஷ், பால் வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரீனே, ஹரேந்திர சிங், கிரகாம் ரீட் எனப் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தனர். மாறாதிருந்தது இளையோர் வரிசை. 2016 திசம்பரில் இலக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என வென்று இளையோர் உலகக்கோப்பையைப் பெற்ற அணியிலிருந்து ஹர்மன்பிரீத், வருண் குமார், சுமித், நீலகண்ட சர்மா, குர்ஜந்த், சிம்ரன்ஜீத் ஆகியோர் தோக்கியோ சென்றனர். 2021 ஆகத்து 5 அன்று செருமனியை 5-4 என வென்று 41 ஆண்டுகளுக்குப் பின் பதக்கம் பெற்றபோது, இரண்டு கோல்கள் அடித்தவர் சிம்ரன்ஜீத். அவர் முதலில் மாற்று வீரராகவே அறிவிக்கப்பட்டவர். பெருந்தொற்றுக் காலத்தில் விதி தளர்த்தப்பட்டதால்தான் களமிறங்கினார்.

தமிழகத்தில் இத்தகைய வரிசைக்கு ஊற்றாக இருப்பது கோவில்பட்டி. அவ்வூரைச் சேர்ந்த மாரீசுவரன் சக்திவேலும், அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக அறிமுகமாயினர். பாக்கித்தானுக்கு எதிரான 1-1 ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்த கார்த்தி, பின்னர் தமிழ்நாடு டிராகன்சுக்கு ஆடினார்.

2025 செப்டம்பரில் இரண்டாம் பருவத்துக்கான சிற்றேலம் நடைபெற்றது. முதல் பருவ வீரர்களைத் தக்கவைத்துக்கொண்டு வெற்றிடங்களை மட்டும் நிரப்பும் வாய்ப்பு அணிகளுக்கு அதில்தான் முதலில் கிடைத்தது. 2026 சனவரியில் அப்பருவத்தின் ஆண்கள் ஆட்டங்கள் சென்னை மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் தொடங்கின.