டிக்கியும் காற்றும்: நிஸ்ஸான் ஆர்390 ஜிடி1 குறித்து ஒரு மறுவாசிப்பு

1997 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நிஸ்ஸான் மூன்று ஆர்390 ஜிடி1 கார்களை இறக்கியது. இரண்டு பாதியில் நின்றன. மூன்றாவது, இரண்டு முறை கியர்பாக்ஸை முழுதாக மாற்றிக்கொண்டு 12ஆம் இடத்தில் முடித்தது. கியர்பாக்ஸ் பலவீனம் என்று ஒரு வரியில் இதைக் கடந்துவிடுவதுதான் இதுவரையிலான வழக்கம். காற்றியக்கவியல் பேசுவோர் மூக்கையும் இறக்கையையும் விவரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, தோல்வியைப் பற்றிப் பேசுவோர் பல்சக்கரங்களோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டும் ஒரே கதை என்றும், அது நடந்த இடம் வண்டியின் டிக்கி என்றும் கொள்ளவே சான்றுகள் அதிகம் இடம் தருகின்றன.

டிக்கி இங்கே வேடிக்கைப் பொருளல்ல. அன்று ஜிடி1 பிரிவில் ஓடிய காருக்குச் சாலையில் ஓடும் உடன்பிறப்பு ஒன்று வேண்டியிருந்தது. அதில் பயணப் பெட்டி வைக்க இடமும் வேண்டியிருந்தது. லெ மானுக்கு ஒரேயொரு சாலை வண்டி போதுமாயிருந்தது என்பதால் இந்த விதியைக் கண்துடைப்பு என்று ஆய்வாளர்கள் ஒதுக்கினார்கள். ஸாமாவில் நிஸ்ஸானின் சேகரிப்பில் நிற்கும் ஆர்390 சாலை வண்டியும் அதே கண்ணோடுதான் பார்க்கப்படுகிறது: எண்பலகை மாட்டிய பந்தயக் கார். பந்தயக் காரிலிருந்து சாலைக் கார் பிறந்தது உண்மைதான். ஆனால் சாலைக் காருக்காக எழுதப்பட்ட விதி திரும்பி வந்து பந்தயக் காரின் காற்றோட்டத்தைத் தொட்டதே, அதை எந்தக் கணக்கில் வைப்பது?

சர்ச்சைக்குரிய தருணம் பந்தயத்துக்கு முந்தைய தொழில்நுட்பச் சோதனை. ஆர்390 தகுதிச் சான்று பெற்றதும் சோதனை ஓட்டங்கள் முடித்ததும் காற்றுத் திறப்புகள் கொண்ட டிக்கியோடு. முழுதாக மூடப்படாத இடத்தைப் பெட்டி வைக்கும் இடமாக ஏற்க முடியாது என்றார்கள் லெ மான் அதிகாரிகள். டிக்கியை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று; கியர்பாக்ஸுக்குக் கிடைத்த குளிர்ச்சி குறைந்தது.

வண்டியின் பின்புறத்தைக் கற்பனையில் திறந்து பார்க்கலாம். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இரட்டை டர்போ பூட்டிய 3.5 லிட்டர் வி8 என்ஜின். அதன் வாலில் கியர்பாக்ஸ். கீழே டிஃப்யூசர்: தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஓடும் காற்றை மேல்நோக்கி விரியவிட்டு, அடியில் அழுத்தத்தைக் குறைத்து, வண்டியைத் தரையோடு இழுத்துப் பிடிப்பது. மேலே மூடிய உடல். இவற்றுக்கு நடுவே டர்போக்களின் சூட்டைச் சுமந்த காற்று எப்படியாவது பின்னால் வெளியேற வேண்டும். அந்த வழியில் மூடிய அறை ஒன்றை வைத்தால் கொதிக்கும் சோற்றுப்பானைக்குத் தட்டுப் போட்ட கதைதான். எண்ணெய் சூடேறி நீர்த்துவிட்டால் பற்களுக்கு நடுவிலுள்ள படலம் கிழியும். உலோகம் உலோகத்தைத் தின்னும். உடைந்தது பல்சக்கரம்தான், ஆனால் கெட்டது காற்றோட்டம்.

ஒரு பந்தயத்தை வைத்து விதி எழுதிவிட முடியாது. 1998இன் சான்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த ஆண்டு ஆர்390 நீண்ட வாலோடும் புதிய டிஃப்யூசரோடும் வந்தது. நான்கு வண்டிகள் ஓடின, நான்கும் முடித்தன: 3, 5, 6, 10ஆம் இடங்கள். நீண்ட வாலைக் கீழழுத்தத்துக்கான ஏற்பாடாக மட்டுமே முந்தைய எழுத்துகள் காண்கின்றன. பெட்டிக்கும் வெந்நீர்க் கொப்பரைபோலக் கொதிக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனி இடம் தருவதும் அதன் வேலை என்று வாசித்தால், ஓராண்டு இடைவெளியில் விழுந்த மாற்றத்துக்குப் பொருள் கிடைக்கிறது. கியர்பாக்ஸே மேம்பட்டிருக்கலாம் என்பது நியாயமான மறுப்பு. அதை இந்த வாசிப்பு விலக்கவில்லை, முதலிடம் தர மறுக்கிறது.

வலுவான எதிர்வாதம் டொயோட்டாவிடமிருந்து வரும். அதே விதியை டொயோட்டாவின் ஜிடி-ஒன் கார் சந்தித்த விதம் கில்லாடித்தனமானது. சோதனையின்போது எரிபொருள் தொட்டி காலி. காலித் தொட்டியில் ஒரு பெட்டி கொள்ளும். ஆகவே தொட்டியே டிக்கி என்று அதிகாரிகளை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். வண்டியின் வால் முழுக்கக் காற்றுக்கே மிஞ்சியது. அப்படியிருந்தும் 1998இல் முன்னணியில் ஓடிய ஜிடி-ஒன், பந்தயம் முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம் இருக்கையில் கியர்பாக்ஸ் உடைந்து நின்றது. டிக்கி இல்லாமலும் கியர்பாக்ஸ் சாகும் என்பதற்கு இது சான்று. ஆனால் 22 மணி நேரத்துக்கு மேல் ஓடித் தேய்ந்த ஒன்றையும், கடைசி நேரத்தில் மூச்சு அடைக்கப்பட்டவற்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

இங்கிலாந்தின் டிடபிள்யூஆர் நிறுவனத்தோடு டோனி சவுத்கேட் உருவாக்கிய வண்டியை ஜப்பானியக் கார் என்பதா என்ற கேள்வி இந்த விவாதத்துக்குத் தொடர்பற்றது. சூடான காற்று கடவுச்சீட்டு கேட்பதில்லை.

1998க்குப் பின் லெ மானில் ஜிடி1 பிரிவு மறைந்தது. சாலை வண்டி தேவைப்படாத புதிய பிரிவுக்கு ஜிடி-ஒன் பெரிய மாற்றமின்றி நகர்ந்தது. நிஸ்ஸான் 1999இல் அனுப்பிய ஆர்391 மேற்கூரையற்ற பந்தய வண்டி; அதற்குச் சாலை உடன்பிறப்பும் வேண்டியிருக்கவில்லை, பெட்டி வைக்கும் இடமும் வேண்டியிருக்கவில்லை.