நாரைகளின் மேல் எழுதிய கை

ஓவியமும் எழுத்தும் ஒரே தாளில் இடம் கேட்டால், எது ஒதுங்க வேண்டும்? 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் கியோட்டோ நகரில் வாழ்ந்த இருவரின் படைப்பில் இதற்கு விடை காண்கிறோம்.

விசிறிகளும் அலங்காரத் தாள்களும் செய்யும் கடையை நடத்திய ஓவியர் தவராயா சோதாட்சு. வாள் மெருகிடும் குடும்பத்தில் பிறந்த எழுத்துக்கலைஞர் ஹொன்அமி கோயெட்சு (1558–1637). 34 சென்டிமீட்டர் உயரமும் ஏறத்தாழ 13.5 மீட்டர் நீளமும் கொண்ட தாள்சுருளில், பொன்னாலும் வெள்ளியாலும் நாரைக் கூட்டத்தைத் தீட்டினார் சோதாட்சு. நிற்கும் நாரைகள் எழுகின்றன, பறக்கின்றன, மீண்டும் இறங்குகின்றன. அவற்றின் மேலேயே 36 பழங்கவிஞரின் பாடல்களை, ஆளுக்கொன்றாக, கருமையால் எழுதினார் கோயெட்சு. அவருடைய எழுத்து ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் நூலென மெலிந்தும் பறவைகளோடு உடன் செல்கிறது.

முதற் கவிஞரான ஹிதோமாரோவின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டுப் போயிற்று. கோயெட்சு அதனை அருகில் சிறிதாகச் சேர்த்து, மேலே எழுதிச் சென்றார். புதுத்தாள் தேடியிருந்தால் அந்நாரைகள் என்னவாகியிருக்கும்?

இச்சுருள் இன்று கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அச்சிற்றெழுத்தும் அதில் அப்படியே நிற்கிறது. பிறர் உழைப்பின் மேல் நம் கை படும்போதெல்லாம் அதனை நாம் நினைவிற்கொள்வது நலம்.