ஆப்கான் தளபதிகள்: வல்லரசை வென்றவர்கள், தலைநகரில் தோற்றவர்கள்

1989 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் திகதி சோவியத் படைகளின் தளபதி ஜெனரல் பொரிஸ் குரொமோவ், ஆமு தர்யா நதியின் மீதுள்ள பாலத்தைக் கடந்து ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறினார். ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த ஆக்கிரமிப்பு அத்துடன் முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ 15,000 சோவியத் படையினர் அப்போரில் உயிரிழந்தனர். ஆப்கான் மக்களின் இழப்போ அதைவிடப் பன்மடங்கானது. ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்தனர். ஒரு வல்லரசைப் பின்வாங்கச் செய்த முஜாஹிதீன் தளபதிகளை முஸ்லிம் உலகம் வெற்றி வீரர்களாகப் போற்றியது.

ஆனால், 1992 இல் அதே தளபதிகள் தமது சொந்தத் தலைநகரின் மீது ரொக்கெட் குண்டுகளைப் பொழியத் தொடங்கினர். சோவியத் போரின்போது பெரும் அழிவிலிருந்து தப்பியிருந்த காபூல், விடுதலை பெற்ற பின்னரே இடிபாடுகளாகியது. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வதற்கு, இத்தலைவர்கள் யார், அவர்களின் பலம் எங்கிருந்து வந்தது என்பவற்றை ஆராய்வது அவசியமாகும்.

பல்கலைக்கழகத்திலிருந்து பெஷாவர் வரை

1973 ஜூலையில் மன்னர் ஸாஹிர் ஷா இத்தாலியில் இருந்த வேளையில், அவரது உறவினரான முஹம்மத் தாவூத் ஆட்சியைக் கைப்பற்றி நாட்டைக் குடியரசாகப் பிரகடனம் செய்தார். அக்காலத்தில் காபூல் பல்கலைக்கழகம் இடதுசாரிகளும் இஸ்லாமிய இயக்கத்தினரும் மோதிக்கொள்ளும் களமாக விளங்கியது. பதக்ஷானைச் சேர்ந்த தாஜிக் இனத்தவரும் எகிப்தின் அல்-அஸ்ஹரில் பயின்றவருமான பேராசிரியர் புர்ஹானுத்தீன் ரப்பானி, பொறியியல் மாணவராயிருந்த பஷ்தூன் இனத்தவர் குல்புத்தீன் ஹிக்மத்யார், பல்தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் அஹ்மத் ஷா மஸூத் ஆகிய மூவரும் இஸ்லாமிய இயக்கத்தினூடாகவே அரசியலுக்கு வந்தவர்கள்.

1975 இல் பஞ்ச்ஷீர் உள்ளிட்ட சில பகுதிகளில் இவ்வியக்கத்தினர் நடத்திய கிளர்ச்சி படுதோல்வி கண்டது. மக்கள் அவர்களுக்கு ஆதரவாக எழவில்லை. எஞ்சியோர் பாகிஸ்தானில் அடைக்கலம் புகுந்தனர். அங்குதான் ரப்பானியின் ஜமாஅத்தே இஸ்லாமி எனவும் ஹிக்மத்யாரின் ஹிஸ்பே இஸ்லாமி எனவும் இயக்கம் பிளவுபட்டது. சோவியத் படை நாட்டுக்குள் நுழைவதற்கு முன்னரே இப்பகைமை வேரூன்றிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

1978 ஏப்ரலில் கம்யூனிஸ்டுகள் தாவூதைக் கொன்று ஆட்சிக்கு வந்தனர். அவர்களும் தமக்குள் ஒற்றுமையாக இருக்கவில்லை. நூர் முஹம்மத் தரக்கி அவரது சகாவான ஹபீஸுல்லாஹ் அமீனின் உத்தரவின் பேரில் கொல்லப்பட்டார். 1979 டிசம்பர் 27 இல் அமீனைச் சோவியத் விசேட படையினர் கொன்று, பப்ரக் கர்மாலைப் பதவியில் அமர்த்தினர்.

ஏழு கட்சிகளும் களத் தளபதிகளும்

எதிர்ப்புப் போரை வழிநடத்திய ஏழு சுன்னி முஸ்லிம் கட்சிகள் பெஷாவரைத் தளமாகக் கொண்டிருந்தன. ஹிக்மத்யார், ரப்பானி ஆகியோருடன் மௌலவி யூனுஸ் காலிஸ், அப்துல் றப் ரசூல் ஸய்யாப், நக்ஷபந்தி ஆன்மிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸிப்கத்துல்லாஹ் முஜத்திதி, காதிரிய்யா தரீக்காவின் தலைவர் ஸய்யித் அஹ்மத் கைலானி, மௌலவி முஹம்மத் நபி முஹம்மதி ஆகியோர் இவற்றின் தலைவர்களாவர். அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் வழங்கிய ஆயுதங்களும் பணமும் பாகிஸ்தானின் இராணுவ உளவுப் பிரிவான ஐ.எஸ்.ஐ. ஊடாகவே இவர்களைச் சென்றடைந்தன. இவ்வுதவியில் பெரும்பங்கு ஹிக்மத்யாருக்கே கிடைத்தது. எந்தத் தலைவர் எவ்வளவு பலம் பெற வேண்டும் என்பதை ஆப்கான் மக்களன்றி, ஆயுதம் வழங்கியோரே தீர்மானித்தனர்.

பெஷாவரில் கட்சித் தலைவர்கள் இருக்க, களத்தில் வேறொரு தலைமுறை உருவாகியது. அவர்களுள் முதன்மையானவர் மஸூத். பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கின் மீது சோவியத் படையினர் மீண்டும் மீண்டும் மேற்கொண்ட பாரிய படையெடுப்புகளை முறியடித்ததால் அவர் 'பஞ்ச்ஷீரின் சிங்கம்' எனப் பெயர்பெற்றார். 1983 இல் சோவியத் தரப்புடன் அவர் செய்துகொண்ட தற்காலிகப் போர்நிறுத்தம் ஏனைய தளபதிகளின் கண்டனத்துக்குள்ளானது. எனினும், கிடைத்த அவகாசத்தில் தமது படையைச் சீரமைத்த அவர், வடகிழக்கு மாகாணத் தளபதிகளை ஷூரா-இ-நஸார் என்னும் அமைப்பின் கீழ் ஒன்றுதிரட்டினார்.

மேற்கே ஹெராத்தில், 1979 மார்ச் கிளர்ச்சியின்போது அரச இராணுவத்திலிருந்து பிரிந்து வந்த இஸ்மாயில் கான் தலைமை வகித்தார். கிழக்கே கோஸ்த் பகுதியில் ஜலாலுத்தீன் ஹக்கானியும், காபூலின் சுற்றுப்புறங்களில் அப்துல் ஹக்கும் காலிஸின் கட்சி சார்பில் போரிட்டனர். மத்திய மலைநாட்டின் ஷீஆ ஹஸாரா மக்களின் சிறு இயக்கங்கள் 1989 இல் ஹிஸ்பே வஹ்தத் என ஒன்றிணைந்தபோது, அப்துல் அலி மஸாரி அதன் தலைவராக உயர்ந்தார்.

இவர்கள் அனைவரும் துணிச்சல் மிக்கவர்கள். ஆயினும், ஒவ்வொருவரின் பலமும் அவரவரது பள்ளத்தாக்கிலும் இனக்குழுவிலும் அவருக்கு ஆயுதம் வழங்கிய நாட்டிலுமே தங்கியிருந்தது. அந்நிய படையை விரட்டுவதற்கு இது போதுமானதாக இருந்தது. ஓர் அரசை நிறுவுவதற்கு அது போதவில்லை.

நஜீபுல்லாஹ்வின் வீழ்ச்சி

1988 ஏப்ரலில் கையொப்பமான ஜெனீவா உடன்படிக்கை சோவியத் படை வெளியேற வழிவகுத்தது. காபூல் அரசும் பாகிஸ்தானும் அதில் கைச்சாத்திட்டன. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் உத்தரவாதம் அளித்தன. உண்மையில் போரிட்டுக்கொண்டிருந்த முஜாஹிதீன்கள் அதில் பங்காளிகளாகச் சேர்க்கப்படவில்லை. எனவே, போர் தொடர்ந்தது.

கம்யூனிஸ்ட் ஆட்சியின் இறுதித் தலைவரான நஜீபுல்லாஹ், முன்னர் இரகசியப் பொலிஸின் தலைவராக இருந்தவர். சோவியத் படை வெளியேறிய சில வாரங்களில் அவர் வீழ்வார் எனப் பலரும் எதிர்பார்த்தனர். ஆனால், 1989 இல் ஜலாலாபாத் மீதான முஜாஹிதீன்களின் தாக்குதலை அவரது இராணுவம் முறியடித்தது. சோவியத் யூனியன் கலைந்து உதவி நின்றுபோன பின்னரே அவரது ஆட்சி ஆட்டங்கண்டது. அரச சார்பு ஆயுதக் குழுவொன்றின் தளபதியாக இருந்த உஸ்பெக் இனத்தவரான அப்துல் ரஷீத் தொஸ்தம் 1992 இல் கட்சி மாறியமை, அவ்வாட்சியின் வீழ்ச்சியை உறுதி செய்தது. நஜீபுல்லாஹ் காபூலிலுள்ள ஐ.நா. அலுவலகத்தில் தஞ்சமடைந்தார்.

காபூலின் கறுப்பு ஆண்டுகள்

1992 ஏப்ரலில் பெஷாவரில் எட்டப்பட்ட இணக்கத்தின்படி முஜத்திதி இரண்டு மாதங்களும், ரப்பானி நான்கு மாதங்களும் ஜனாதிபதியாக இருக்க வேண்டும். பிரதமர் பதவி ஹிக்மத்யாரின் கட்சிக்கு உரியது. முஜத்திதி சொன்னபடி பதவி விலகினார். ரப்பானியோ தமது காலம் முடிந்த பின்னரும் ஜனாதிபதியாகத் தொடர்ந்தார். ஹிக்மத்யார் இந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்து, தலைநகரின் தெற்கேயிருந்து ரொக்கெட் தாக்குதல் நடத்தினார். பாதுகாப்பு அமைச்சரான மஸூதின் படைகள் அதற்குப் பதிலடி கொடுத்தன.

1993 மார்ச்சில், புனித ரமழான் மாதத்தில், இஸ்லாமாபாத்தில் மற்றுமோர் உடன்படிக்கை கைச்சாத்தானது. தலைவர்கள் மக்காவுக்கே சென்று அதனை மீண்டும் உறுதிப்படுத்தினர். அவ்வுறுதிமொழியும் நிலைக்கவில்லை. 1994 ஜனவரியில், அதுவரை ரப்பானி, மஸூத் தரப்பில் நின்ற தொஸ்தம், ஹிக்மத்யாருடன் சேர்ந்து காபூலைத் தாக்கினார். நேற்றைய பகைவர் இன்றைய நண்பராகவும், இன்றைய நண்பர் நாளைய பகைவராகவும் மாறும் அரசியலில் பல்லாயிரக்கணக்கான பொதுமக்கள் மடிந்தனர்.

இவ்விடயத்தில் எவரும் களங்கமற்றவர் எனக் கூறுவதற்கில்லை. 1993 பெப்ரவரியில் மேற்குக் காபூலின் அப்ஷார் பகுதியில் அரசாங்கத் துருப்புகளும் ஸய்யாபின் படையினரும் மேற்கொண்ட நடவடிக்கையில் ஹஸாரா பொதுமக்கள் கொல்லப்பட்டும் கடத்தப்பட்டும் போயினர். மஸூதை மாவீரராகப் போற்றுவோர் உள்ள அதே நாட்டில், அப்ஷாரை மறவாதோரும் உள்ளனர்.

முல்லா உமரின் எழுச்சி

தளபதிகளின் சோதனைச் சாவடிகளாலும் கப்பத்தாலும் சலிப்புற்றிருந்த கந்தஹாரில் 1994 இல் தலிபான் இயக்கம் தோன்றியது. சோவியத் போரில் ஒரு கண்ணை இழந்த முல்லா முஹம்மத் உமர் அதன் தலைவர். பாதைகளைத் திறந்து ஒழுங்கை ஏற்படுத்தியமை அவர்களுக்கு ஆதரவைத் தேடித் தந்தது. பாகிஸ்தானின் உதவியும் கிடைத்தது. 1995 மார்ச்சில் மஸாரி அவர்களிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு செப்டெம்பரில் ஹெராத் வீழ்ந்தது. 1996 ஏப்ரலில், கந்தஹாரில் பாதுகாக்கப்பட்டுவந்த நபிகளாரின் போர்வையை ஏந்தி மக்கள் முன் தோன்றிய முல்லா உமருக்கு 'அமீருல் முஃமினீன்' என்ற பட்டம் சூட்டப்பட்டது.

ஹிக்மத்யார் 1996 ஜூனில் ரப்பானியுடன் சமரசமாகிப் பிரதமர் பதவியை ஏற்றபோது காலம் கடந்துவிட்டது. செப்டெம்பர் 27 இல் காபூல் தலிபான்களின் வசமாகியது. நஜீபுல்லாஹ் ஐ.நா. அலுவலகத்திலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். பெண்களின் கல்வியும் தொழிலும் தடைசெய்யப்பட்டன.

வடக்கே ஒதுங்கிய மஸூத், முன்னாள் எதிரிகளையும் இணைத்து வடக்குக் கூட்டணியை அமைத்தார். 2001 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஐரோப்பிய பாராளுமன்றத்துக்குச் சென்று உதவி கோரினார். செப்டெம்பர் 9 ஆம் திகதி தகார் மாகாணத்தில், ஊடகவியலாளர்களாக நடித்த அல்-கைதாவைச் சேர்ந்த இரு அரேபியரின் தற்கொலைத் தாக்குதலில் அவர் கொல்லப்பட்டார். அடுத்த இரண்டாம் நாள் நியூயோர்க்கிலும் வொஷிங்டனிலும் நிகழ்ந்த தாக்குதல்கள் உலகையே மாற்றின. பஷ்தூன் மக்களிடையே தலிபானுக்கு எதிரான எழுச்சியை உருவாக்க முயன்ற அப்துல் ஹக்கும் அவ்வாண்டு ஒக்டோபரில் தலிபான்களால் கொல்லப்பட்டார்.

குடியரசின் இருபது ஆண்டுகள்

2001 டிசம்பரில் ஜேர்மனியின் பொன் நகரில் கூடிய ஆப்கான் பிரதிநிதிகள், கந்தஹாரைச் சேர்ந்த பஷ்தூன் தலைவரான ஹாமித் கர்சாயை இடைக்கால ஆட்சிக்குத் தெரிவு செய்தனர். தோல்வியுற்ற தலிபான்கள் அங்கு அழைக்கப்படவில்லை. அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமியே பின்னாளில் அது தவறு என ஏற்றுக்கொண்டார்.

பழைய தளபதிகள் புதிய பதவிகளில் அமர்ந்தனர். இஸ்மாயில் கான் அமைச்சரானார். ஸய்யாப் பாராளுமன்ற உறுப்பினரானார். தொஸ்தம் 2014 இல் முதலாவது உப ஜனாதிபதியானார். கடந்தகாலப் போர்களில் ஈடுபட்டோருக்குப் பொதுமன்னிப்பு வழங்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2007 இல் நிறைவேற்றியது. சட்டத்தை இயற்றியோரில் பலர் அதனால் நன்மை பெறுபவர்களாகவும் இருந்தனர். பாதிக்கப்பட்ட மக்களின் சம்மதம் கோரப்படவில்லை.

சமாதான உயர் சபையின் தலைவராக இருந்த ரப்பானி, தலைப்பாகைக்குள் மறைத்துவைக்கப்பட்ட குண்டினால் 2011 செப்டெம்பரில் கொல்லப்பட்டார். 2014 தேர்தலின் பின்னர் அஷ்ரப் கனியும் அப்துல்லாஹ் அப்துல்லாஹ்வும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டனர். 2020 மார்ச் 9 இல் அதே இருவரும் காபூலில் ஒரே நாளில் தனித்தனியே ஜனாதிபதிகளாகப் பதவிப்பிரமாணம் செய்தனர். அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே, பெப்ரவரி 29 இல், காபூல் அரசை ஒதுக்கிவைத்து, அமெரிக்கா தலிபான்களுடன் தோஹா உடன்படிக்கையில் கைச்சாத்திட்டிருந்தது.

2021 ஓகஸ்ட் 15 இல் கனி நாட்டை விட்டுத் தப்பியோடினார். இஸ்மாயில் கான் பிடிபட்டுப் பின்னர் ஈரானுக்குச் சென்றார். தொஸ்தம் எல்லை கடந்தார். மஸூதின் மகன் அஹ்மத் மஸூத் பஞ்ச்ஷீரில் எதிர்ப்பைத் தொடர முயன்றபோதும், செப்டெம்பர் தொடக்கத்தில் அப்பள்ளத்தாக்கும் வீழ்ந்தது. முல்லா உமரின் மகன் யஃகூப் பாதுகாப்பு அமைச்சராகவும், ஹக்கானியின் மகன் ஸிராஜுத்தீன் உள்துறை அமைச்சராகவும் அறிவிக்கப்பட்டனர். 2016 முதல் இயக்கத்தின் அமீராக விளங்கும் ஹைபத்துல்லாஹ் அகுந்த்ஸாதாவின் கட்டளைகளால் பெண்களுக்கான இடைநிலைக் கல்வியும், 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கல்வியும் தடைசெய்யப்பட்டன. 2025 ஜூலையில் அவ்வாட்சியை முறைப்படி அங்கீகரித்த முதல் நாடு ரஷ்யா என்பது வரலாற்றின் விந்தையாகும்.

ஒதுக்கப்பட்டவர்கள்

ஜெனீவாவில் முஜாஹிதீன்கள் ஒதுக்கப்பட்டனர். பொன் மாநாட்டில் தலிபான்கள் ஒதுக்கப்பட்டனர். தோஹாவில் காபூல் அரசு ஒதுக்கப்பட்டது. அனைவரும் கலந்துகொண்டு செய்த உடன்படிக்கைகளையோ தளபதிகளே மீறினர். வெற்றி பெற்ற ஒவ்வொரு தரப்பும் ஆட்சியைத் தமது தியாகத்துக்குக் கிடைத்த பரிசாகக் கருதியதே தவிர, அனைவருக்கும் உரிய பொறுப்பாகக் கருதவில்லை. மஸூதின் வீரத்தையும் அப்துல் ஹக்கின் துணிவையும் வரலாறு மறுக்காது. ஆனால், ஆயுதம் எதிரியை வெளியேற்றலாம். எதிரி போன பின் அயலவனுடன் எவ்வாறு வாழ்வது என்பதை அது கற்றுத்தருவதில்லை. கம்யூனிஸ்டுகள், முஜாஹிதீன்கள், குடியரசினர், தலிபான்கள் என ஆட்சியாளர்கள் மாறிமாறி வந்தும், அந்தப் பாடத்தைக் கற்காமற்போனதன் விலையைச் செலுத்தியவர்கள் அப்ஷாரின் விதவைகளும் பாடசாலைக் கதவுகள் மூடப்பட்ட சிறுமிகளுமே ஆவர்.