பறை பேசிய மொழி

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் முதியவர்கள் பேசுவதைப் 'பறைதல்' என்பர். "கனக்கப் பறையாதை" என்ற அதட்டலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதனை அறிவர். சொல்லுதற்கும் முழக்குதற்கும் ஒரே சொல். பறை, பேசும் கருவி என்பதை நம் மொழியே சொல்லி வைத்திருக்கிறது. தொல்காப்பியமும் அதனைத் திணைக் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணியது.

இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆபிரிக்காவின் யொரூபா மக்கள் தமது முழவின் வார்களை அக்குளில் அழுத்தி ஒலியை ஏற்றியும் இறக்கியும் வாக்கியங்களையே 'பேசுவர்'. தொனி மாறினால் பொருள் மாறும் மொழி அவர்களுடையது. ஆதலால் முழவு அதனைப் பின்பற்ற முடிகிறது.

கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்க அடிமைகளிடமும் முழவு இருந்தது. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றருகே அவர்கள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே வந்த சட்டம் அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடைசெய்தது. முரசு பேசும் என்பதை எசமானர்கள் உணர்ந்திருந்தனர்.

யாழ்ப்பாணத்திலோ நிலைமை தலைகீழ். இங்கே பறை தடுக்கப்படவில்லை, கட்டாயமாக்கப்பட்டது. மங்கல வீட்டுக்குத் தவில், மரண வீட்டுக்குப் பறை என வகுத்தது சாதியச் சமூகம். இரண்டும் தோற்கருவிகளே. தவில் மேதை தட்சணாமூர்த்தியை (1933–1975) யாழ்ப்பாணம் கொண்டாடியது; கடல் கடந்து தமிழகமும் கொண்டாடியது. பறை முழக்கியவனுக்கோ வித்துவான் என்ற பெயர் கிட்டவில்லை. ஈழத்துப் பறை இருபுறமும் தோல் போர்த்த உருளை. அதனைக் கழுத்தில் தொங்கவிட்டு இரு குச்சிகளால் முழக்குவதற்குத் தேர்ந்த பயிற்சி வேண்டும். ஆயினும் அக்கலை, குடிமைத் தொழில் என்றே கருதப்பட்டது.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கதவுகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட்டம் மூண்டது. அந்த எழுச்சிக் காலத்தில் சாவீட்டுக்குப் பறையடிக்க மறுப்பதும் ஒரு போராட்ட வடிவமாயிற்று. தென் கரோலினாவில் முரசை முழக்குவது விடுதலை. யாழ்ப்பாணத்தில் அதனை இறக்கி வைப்பது விடுதலை.

பின்னாளில் ஈழத்து அரங்கச் செயற்பாட்டாளர்கள் பறையை மீண்டும் மேடையேற்றினர். இது நம் ஆதி இசை என்றனர். எங்கள் தந்தையர் தூக்கியெறிந்த இழிவை ஏன் மீண்டும் எடுக்கிறீர்கள் என்ற எதிர்க்குரலும் எழுந்தது. இரண்டிலும் நியாயம் உண்டு.

குற்றம் தோலிலும் மரத்திலும் இல்லை. இன்னார்தான் அடிக்க வேண்டும் என்று விதித்தவர்களிடம் இருந்தது. பறையைக் கொண்டாட விரும்புவோர், அதனை முழக்க மறுத்தவர்களின் வரலாற்றையும் சேர்த்தே பறைய வேண்டும்.