குரு வராத ஊரில் செபமாலை: திருகோணமலைக் கத்தோலிக்கரும் பாடசாலைகளும்

திருகோணமலை நகர் சார்ந்திருக்கும் இயற்கைத் துறைமுகத்தைக் கைப்பற்ற ஐரோப்பியர் தமக்குள் ஓயாமல் போரிட்டனர். 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1639இல் அதை ஒல்லாந்தர் பிடித்தனர். 1782 என்ற ஒரே ஆண்டில் முதலில் ஆங்கிலேயரும் பின்னர் பிரெஞ்சுக்காரரும் அதைக் கைக்கொண்டனர். 1795இல் ஆங்கிலேயர் நிலைத்தனர். கொடி மாறியபோதெல்லாம் குருமாரின் கதியும் மாறியது. குரு இல்லையேல் திருப்பலி இல்லை. செபமாலைக்கோ குரு தேவையில்லை. இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே செபமாலை வேரூன்றியதற்குப் பக்தி எவ்வளவு காரணமோ, குருமார் இல்லாத காலங்களின் நீளமும் அவ்வளவு காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செபமாலை தோன்றிய முறையே இதற்கு இடம் தருகிறது. துறவிகள் 150 சங்கீதங்களையும் ஓதினர். எழுத்தறியாத பொதுமக்கள் அதற்கு ஈடாக 150 முறை மங்கள வார்த்தை செபத்தைச் சொன்னார்கள். எண்ணிக்கை தவறாதிருக்க மணிகள் வந்தன. 1569இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் இம்முறையை உறுதிப்படுத்தினார். அதற்கு முன்பே அடிப்படைச் செபங்கள் தமிழுக்கு வந்துவிட்டன. 1554இல் லிஸ்பனில் அச்சான சிறுநூலில் அவை உரோம எழுத்தில் உள்ளன. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலை அச்சிட்டார். ஆனால் செபமாலைக்குப் புத்தகம் வேண்டியதில்லை. பத்துப் பத்தாக அதே செபம் திரும்ப வருவதால், கேட்ட பிள்ளைக்கே மனப்பாடமாகிவிடும்.

அதன் அருமை தெரிந்தது ஒல்லாந்தர் காலத்தில்தான். 1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்தது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. கோவில்கள் சீர்திருத்த சபையின் வசமாயின. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவின் முகத்தையே காணாமல் மக்கள் இருந்தனர். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசவ் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். வந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பால் வாடினார். உடல் தேறியதும் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். எந்த வீட்டாரின் கண் அந்த மணிகளில் நிலைக்கிறது, யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அவர் அடையாளம் கண்டது அப்படித்தான். பின்னர் சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று.

இந்நிகழ்ச்சியை வாஸ் அடிகளாரின் துணிவுக்குச் சான்றாகவே எல்லாரும் எடுத்துச் சொல்கின்றனர். அந்த வீட்டாரைப் பற்றியும் அது நிறையச் சொல்கிறது. மாலை அணிவது தமிழருக்குப் புதிதல்ல. கோணேசர் கோவிலுக்குப் பெயர்போன திருகோணமலையில் ருத்திராட்சம் அணிந்த அடியார்களும் தஸ்பீஹ் மணி உருட்டும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்கின்றனர். அத்தகைய நாட்டில் ஒரு பரதேசியின் கழுத்தில் மணிமாலை இருப்பது யாருக்கும் சந்தேகம் தராது. அதன் நுனியில் தொங்கும் சிலுவையை அறிந்தவருக்கு மட்டுமே அது பேசும். முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பின்னும் அதை அறிந்திருந்தார்கள் என்றால், வீட்டுக்குள் அந்தச் செபம் நின்றுபோகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

1692இல் வாஸ் அடிகளார் கண்டிக்குள் நுழைந்து சிறைப்பட்டார். பின் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்றார். ஒருசில குருமாரைக் கொண்டு தீவு முழுவதையும் பார்க்க முடியாது. ஆகவே ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் எனப்பட்ட பொதுநிலைத் தலைவர்கள் செபத்தை நடத்தினர். சாவு வீட்டிலும் அவர்களே முன்னின்றனர். 1711 ஜனவரி 16இல் வாஸ் அடிகளார் கண்டியில் காலமானார். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். மூப்பர்களின் பெயர்களை யாரும் அறிவிக்கவில்லை.

1806இல் ஆங்கில அரசு கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியது. 1847இல் அமலமரித் தியாகிகள் இலங்கை வந்தனர். 1867இல் திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரி தொடங்கியது. 1893 ஓகஸ்ட் 25இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாயிற்று. பொறுப்பு இயேசு சபையினரிடம் சென்றது. முதல் ஆயர் சார்ல்ஸ் லவீஞ் அச்சபையைச் சேர்ந்தவரே. மாணவரை மாதா சபையாக ஒன்றுசேர்ப்பது அவர்களின் பழைய மரபு. 1563இல் உரோமைக் கல்லூரியில் ஜான் லெயூனிஸ் அதைத் தொடங்கிவைத்தார். 1883இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் ஒக்டோபரைச் செபமாலைக்கு உரிய மாதமாக்கினார். மிஷன் பாடசாலைகள் பெருகிய காலமும் அதுவே.

பாடசாலை செபமாலையை மாற்றியது. கதவைச் சாத்திச் சொன்ன செபம் மாதா கெபிக்கு முன்னே திறந்தவெளிக்கு வந்தது. மணியடித்தால் தொடங்குவது, வகுப்புக்குப் பத்துச் செபமணிகள் என்று முறைவைப்பது எல்லாம் பாடசாலைப் பழக்கங்கள். அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்றுண்டு. மூப்பர், அண்ணாவியார் பொறுப்புகள் ஆண்களுடையவை. கன்னியர் மடப் பாடசாலைகளில் சிறுமிகளே செபத்தைத் தொடங்கினர், மற்றவர்கள் பதில் சொன்னார்கள். வீட்டில் அந்திநேரச் செபமாலையைத் தாய்மார் நடத்தும் வழக்கம் உறுதிப்பட்டதில் இதற்குப் பங்குண்டு என்று கருதுகிறேன்.

வடக்கே தோலகட்டியில் இதே பக்தி வேறொரு வடிவம் எடுத்தது. 1926இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் மறைபரப்பு நாடுகளில் தியானத் துறவு மடங்கள் எழவேண்டுமென அழைப்பு விடுத்தார். 1928இல் தோமஸ் அடிகள் அங்கே செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். இடைவிடாச் செபமாலையும் தோட்ட உழைப்பும் தாசர்களின் வாழ்வாயின. அந்த உழைப்பின் பயனான தோலகட்டி நெல்லிரசத்தை யாழ்ப்பாணத்தில் அறியாதவர் குறைவு.

1960, 1961 சட்டங்களால் உதவிபெறும் மிஷன் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. மேற்குக் கரையில் பெற்றோர் பாடசாலைகளுக்குள் குடியிருந்தே எதிர்த்தனர். பம்பாய்க் கர்தினால் கிராசியாஸ் 1961 ஜனவரியில் வந்து சமரசம் பேசினார். ஒருசில பாடசாலைகள் தனியாராய் நின்றன. சூசையப்பர் கல்லூரி இன்று அரச பாடசாலையே. ஆயினும் சமயம் கட்டாயப் பாடமாக இருப்பதால் கத்தோலிக்கத் திருமறை வகுப்பு தொடர்ந்தது, செபமாலையும் தொடர்ந்தது. இந்து, முஸ்லிம் மாணவர் கூடப்படிக்கும் பாடசாலையில் யாரையும் வற்புறுத்தாமல் அது நடப்பது நல்லது. செபத்தின் மதிப்பும் அதில்தான் இருக்கிறது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் கொழும்பில் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. 2020இல் கொரோனாவால் நாடெங்கும் கோவில்கள் அடைபட்டன. குடும்பங்கள் மீண்டும் வீட்டுக்குள் மணிகளை எடுத்தன. ஒல்லாந்தர் காலத்து அனுபவம் அப்போது எவ்வளவோ பேருக்குப் புரிந்திருக்கும்.

இவ்வரலாற்றின் ஆதாரங்கள் கைப்பிரதிச் செபப் புத்தகங்களிலும் மாதா சபைப் பதிவேடுகளிலும் மூப்பர் குடும்பத்துக் கொப்பிகளிலும் கிடக்கின்றன. இடப்பெயர்விலும் 2004 கடற்கோளிலும் தப்பிய ஏதாவது ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், எறிந்துவிடாதீர்கள். பங்குக் கோவிலிலோ பாடசாலை நூலகத்திலோ ஒரு பிரதியாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.