கம்பலை: ஓர் ஆரவாரச் சொல்லின் வரலாறு

செய்யுளில் வழங்கும் அருஞ்சொற்களுக்குப் பொருள் உரைக்கும் இயலாகிய உரியியலில், தொல்காப்பியர் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கினையும் ஒருங்கு வைத்து, அவை அரவமாகிய பேரொலியைக் குறிக்கும் என்கிறார். அடுத்த நூற்பாவில் அழுங்கலுக்கு இரக்கம், கேடு என்னும் பொருள்களும் உண்டு என்று அவர் சேர்த்துரைப்பதனால், ஆரவாரமும் துயரமும் ஒரு சொல்லுக்குள் உடனுறைந்தமை அன்றே உணரப்பட்டிருந்தது எனலாம்.

இந்நூற்பாக்கள் ஏட்டிலிருந்து அச்சேறிப் பரவியதில் யாழ்ப்பாணத்தார் பங்கு பெரிது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, ஆறுமுக நாவலர் பரிசோதித்த சேனாவரையர் உரையோடு சொல்லதிகாரத்தை 1868இல் வெளியிட்டார், புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் விளக்கக் குறிப்புகளோடு 1938இல் அது சுன்னாகத்தில் மீண்டும் அச்சாயிற்று. எனினும் திண்ணைப் பள்ளி மாணவர் இத்தகைய சொற்களை முதலில் அறிந்தது இலக்கணத்தால் அன்று, ஒருபொருட் பலசொற்களை மனனத்துக்கு ஏற்பச் செய்யுளில் தொகுத்துத் தரும் நிகண்டினாலேயே ஆகும். நாவலர் 1849இல் சென்னையில் உரையுடன் அச்சிட்ட சூடாமணி நிகண்டில், பன்னிரு தொகுதிகளுள் ஒன்று முழுவதும் ஒலிபற்றிய பெயர்களுக்கே உரியது. ஓசையை இத்துணை நுணுகி வகுத்த மரபு அது.

நான்கினுள் கம்பலையின் போக்கே வியப்புக்குரியது. மதுரைக்காஞ்சியில் அது பகற்கடைத் தெருவாகிய நாளங்காடியிலும் இரவுக் கடைத்தெருவாகிய அல்லங்காடியிலும் எழும் இரைச்சலுக்குப் பெயர். கொள்வோரும் கொடுப்போரும் எழுப்பும் ஒலியில் துயரத்துக்கு இடமில்லை. ஆனால் அகராதிகள் ஆரவாரத்தோடு நடுக்கம், துன்பம் என்னும் பொருள்களையும் இச்சொல்லுக்குத் தருகின்றன. இன்றைய வழக்கிலோ அது தனித்து நிற்பதில்லை, 'கண்ணீரும் கம்பலையுமாக' என்னும் இணைமொழியிலேயே உயிர்வாழ்கிறது. சந்தையில் பிறந்த சொல் இழவு வீட்டில் தங்கிவிட்டது என்று கூறினும் பொருந்தும். தொடரைச் சொல்வோரிற் பலர் கம்பலையைக் கண்ணீரின் மறுபெயராகவே கொள்கின்றனர். அது வாய்விட்டு அரற்றும் ஒலி என்பதே பழம்பொருளுக்கு அணித்தான விளக்கம்.

கம்பலை விட்டுச் சென்ற இடத்தை யாழ்ப்பாணப் பேச்சில் இரைச்சல், கூச்சல், அமளி முதலியவை நிரப்பியுள்ளன. இவற்றுள் அமளி கலியாண வீட்டுக்கும் இருபத்தைந்து நாள் நடைபெறும் நல்லூர்த் திருவிழாவுக்கும் ஒருங்கே பொருந்துவது. பழைய இலக்கியத்திலோ அமளி என்பது படுக்கையின் பெயர். ஒருவடிவாய் அமைந்த இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கொண்டு பழம்பாடல் படிப்போர், தலைவி துயிலும் இடத்திலே ஆரவாரத்தைக் கேட்க நேரும்.