பொன்னிலே பிறந்த உருவம்

1344ஆம் ஆண்டிலே இபுனு பதூதா எம் புத்தளக் கரையில் இறங்கியபோது, ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துகளைக் காட்டினார் என்பதை அறிவீர்கள். அம்மரபினரின் செப்புக் காசிலே ஒருபுறம் நந்தியும் 'சேது' எனும் சொல்லும், மறுபுறம் நின்றதோர் உருவமும் காணப்படும். அவ்வுருவம் பொன்னிலே பிறந்தது.

அநுராதபுர அரசின் பிற்காலத்தில் வழங்கிய கஹவணு எனும் பொற்காசு ஏறக்குறைய 4.4 கிராம் நிறையுடையது. ஒருபுறம் நின்ற மன்னன். மறுபுறம் அமர்ந்த மன்னன், அருகே நாகரி எழுத்து. முகமோ சில கோடுகளும் புள்ளிகளுமே. இதனைக் கலைக்குறை என்பாருளர், யான் உடன்படேன். பெருவிரல் நுனியளவு பொன்னிலே அரசின் மிடுக்கைக் காட்டுவது அந்தச் சிக்கனமே.

ஈழத்தை வென்ற முதலாம் இராசராசனும் அவ்வுருவை மாற்றாது, தன் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்டான். பொன் அருகியபின் முதலாம் பராக்கிரமபாகு அதனைச் செம்பிலே தொடர்ந்தார். அவருக்குப் பின்னரே சேதுக் காசு வந்தது.